கதவின் மேல் ஒரு விரல் அகலம்

தொலைபேசி அடித்தால் இப்போதும் கையில் இருப்பதை முதலில் கீழே வைத்துவிடுகிறேன். காதுக்குக் கொண்டு போவதற்குள் மனதுக்குள் ஏதாவது ஓதி முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் அது ஃபோம் கொண்டுவரும் டெம்போக்காரராக இருக்கும். அல்லது சீட் கவர் தைத்தாயிற்றா என்று கேட்கும் வாடிக்கையாளர்.

கேம்ப் என்னும் கடைத்தெருப் பகுதியில் எனக்கு ஒரு சிறிய கடை. கார் சீட் கவர், தரை விரிப்பு, பாலிஷ் விற்கிறேன். வேதியியலில் பட்டம் வாங்கியவன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கடையில் இருந்தபோது மகளின் அழைப்பு வந்தது. "அத்தா, வண்டி…" என்றாள். இரும்பு உரசுவது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அவளே மறுபடி கூப்பிடப் பதினோரு நிமிடம் ஆனது. அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பது மனைவி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடையில் நின்ற ஒருவருக்கு ரெக்சினை அளந்து வெட்டிக் கொடுத்தேனாம். அளவு சரியாக இருந்ததாம்.

வானவடித் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி மழையில் வழுக்கி வந்து எங்கள் பழைய காரின் இடது முன்கதவில் மோதியிருந்தது. ஓட்டிய மகளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இடது இருக்கையில் யாரும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை அதில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பூக்கடையில் ஏதோ வாங்க வேண்டுமென்று என் கடை வாசலில் இறங்கிக்கொண்டவள், அந்த அழைப்பு வந்தபோது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லோரும் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். அதன் பிறகு மகள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆகுர்டியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. காரில் போய்க்கொண்டிருந்தவள் லோக்கல் ரயிலில் போக ஆரம்பித்தாள். மாலையில் கசங்கிய துப்பட்டாவோடு வந்து நிற்பாள். பாவமாக இருக்கும். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருக்கும். அந்த நிம்மதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அத்தா, அந்தக் கதவை நானே சரி பண்றேன். டிங்கரிங் மட்டும் வெளிய குடுப்போம். பெயிண்ட் நான் அடிக்கிறேன். அது நல்லா வந்துச்சுன்னா நான் வண்டி எடுப்பேன். வரலைன்னா வித்துடலாம்."

"ஏம்மா, பெயிண்டர்கிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல முடிச்சிடுவானே," என்றாள் அவள் அம்மா.

"கெடுத்தது நான்தானே."

லாரி வழுக்கியதற்கு இவள் என்ன செய்வாள் என்று பத்து முறை சொல்லிப் பார்த்தாயிற்று. அவள் கேட்கிற மாதிரி இல்லை.

என் மனைவியின் தம்பிக்கு ஆகுர்டியில் ஒரு கொட்டகை இருக்கிறது. கிரில்லும் கேட்டும் செய்கிறார். கம்ப்ரஸர், ஸ்ப்ரே கன் எல்லாம் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. கதவைக் கழற்றித் தட்டி நேராக்கி அங்கே கொண்டு போய் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினோம். மகள் பழைய பெயிண்டையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் தகடாக்கினாள். வெறும் தகட்டை மழைக்காலத்தில் அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். அதனால் முதலில் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். அது இரண்டு டப்பாக்களில் வருகிறது. ஒன்றில் பிரைமர், மற்றதில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டையும் கலந்துதான் அடிக்க வேண்டும். அவள் வாங்கி வந்தது நான்கு தடவைக்குப் போதுமானது.

முதல் ஞாயிறு அடித்தது அலங்கோலமாகப் போயிற்று. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கதவின் ஒரு பகுதி தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. இன்னொரு பகுதியில் ஆரஞ்சுப் பழத் தோல். கீழே இரண்டு இடத்தில் பெயிண்ட் வழிந்து கண்ணீர் போல நின்றது. மேலே, கண்ணாடிக்குக் கீழே, சின்னச் சின்னக் குழிகள். பெயிண்ட் அங்கே மட்டும் தகட்டில் ஒட்டப் பிடிக்காமல் விலகிக்கொண்டது போல, ஒவ்வொரு குழியின் நடுவிலும் தகடு தெரிந்தது.

மச்சினர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "என்ன மச்சான், கதவுக்கு அம்மை போட்டுடுச்சு?"

"மாமா, சும்மா இருங்க," என்றாள் மகள். முகமூடியைக் கழற்றாமலே செல்பேசியில் படம் எடுத்தாள். பிறகு ஒரு காகிதத்தில் குறைகளை ஒவ்வொன்றாக எழுதினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே வேலை. எனக்கு அவள் சொன்னதில் புரிந்ததைச் சொல்கிறேன். சொரசொரப்பு வந்தால் கன்னைத் தூரமாகப் பிடித்திருக்கிறோம், பெயிண்ட் தகட்டைச் சேருமுன் காற்றிலேயே காய்ந்துவிட்டது. வழிந்தால் கிட்டே பிடித்திருக்கிறோம், அல்லது கையை மெதுவாக நகர்த்தியிருக்கிறோம். ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம் மாமாவின் கன். அதன் முனைத் துளை மெல்லிய பெயிண்டுக்கானது. பிரைமரோ கெட்டி. அதோடு, கலந்த பிரைமரை அரை மணி நேரம் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. இவள் கலந்த கையோடு அடித்துவிட்டாள்.

இரண்டாவது ஞாயிறு, பழைய பூச்சை எல்லாம் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கினோம். பெரிய துளையுள்ள முனை மாட்டினாள். குழிகளுக்குக் காரணம் காற்றோடு வரும் தண்ணீரோ என்று கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் இருந்த குழாயைத் திறந்தாள். ஒரு தம்ளர் செம்மண் நிறத் தண்ணீர் கொட்டியது. மச்சினர் அதை அதற்கு முன் திறந்ததே இல்லை போலிருக்கிறது.

"இதையா என் கேட்டுக்கெல்லாம் அடிச்சிட்டிருந்தேன்?"

"கஸ்டமர்கிட்ட சொல்லாதீங்க மாமா."

கன்னுக்கும் தகட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி. அதை அட்டைப் பெட்டி மேல் அடித்து அடித்துப் பழகினாள். கதவைப் பிசுக்கு எடுக்கும் டிகிரீசர் போட்டு இரண்டு துணிகளால் துடைத்தாள், முதலில் நனைந்த துணி, பின்னாலேயே உலர்ந்த துணி. பிறகு பிரைமரைக் கலந்து மூடி வைத்துவிட்டு, அந்த அரை மணி நேரத்துக்கு மாமாவோடு தெருமுனைக்கு டீ குடிக்கப் போனாள். நான் கொட்டகையிலேயே இருந்துகொண்டேன்.

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே தர்காவில் எரியும் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வாங்கி ஒரு சின்னப் புட்டியில் கொண்டு வருவேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓதி நெற்றியில் ஒரு விரல் தொட்டு வைப்போம். புதுக்கடை திறந்தால் நிலையில் வைப்போம். எங்கள் வீட்டில் அப்படித்தான். மகளுக்கு இதிலெல்லாம் ஒப்புதல் கிடையாது. படித்த பிள்ளை, தொழுகிற பிள்ளை; "துவா கேளுங்க அத்தா, போதும். இந்த எண்ணெயெல்லாம் எதுக்கு?" என்பாள். அதனால் அவள் பார்க்காதபோது செய்வேன். அவள் வெளியே மேசையில் பிரைமர் கலக்கிக்கொண்டிருந்த முதல் ஞாயிறும் செய்தேன். இப்போதும் செய்தேன். லாரியின் மூக்கு மோதி மடங்கிய கோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், கண்ணாடிக்கு நான்கு விரல் கீழே. அந்தக் கோட்டின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவி, ஓதி, மூன்று முறை ஊதினேன். பிறகு பளபளப்புத் தெரியாமல் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டேன்.

அன்று பிரைமர் அழகாக விழுந்தது. சாம்பல் நிறத்தில், வழவழவென்று. அவள் கன்னைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்து ஒரு கட்டை விரலை உயர்த்தினாள். பிறகு மறுபடி கதவைப் பார்த்தாள். மேல்பகுதியில் ஒவ்வொன்றாகக் குழிகள் திறந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் சந்தேகம் என் கடைமேல் விழுந்தது.

"அத்தா, உங்க டேஷ்போர்டு பாலிஷ்ல சிலிகான் இருக்கு. அது துளி பட்டாக்கூட பெயிண்ட் விலகிடும். கடைக்குப் போட்ட சட்டையோட வராதீங்க. கையைக் கழுவிட்டு வாங்க."

"சரிம்மா."

மூன்றாவது ஞாயிறு புதிதாகத் துவைத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு போனேன். கொட்டகைக் குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன், தொழுகைக்கு முன் உளூச் செய்வது போல முழங்கைவரை. அவள் டீக்குப் போனதும் அந்தச் சுத்தமான கையால் புட்டியைத் திறந்தேன்.

இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. எண்ணெயும் பெயிண்டும் சேராது என்பது வேதியியல் படிக்காதவனுக்கும் தெரியும். ஆனால் அதை எண்ணெய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அது பரக்கத், இறையருள். நெற்றியில் வைத்தால் கழுவக்கூட மாட்டோம். அது போய் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று யோசிக்க என் புத்தியில் இடமே இல்லை.

மூன்றாம் முறையும் குழிகள் வந்தன.

மகள் கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்து செல்பேசியில் மூன்று ஞாயிறின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை அழைத்துக் காட்டினாள்.

"பாருங்க அத்தா. மூணு தடவையும் ஒரே இடம். கண்ணாடிக்குக் கீழ, இந்த முனையில இருந்து அந்த முனை. ஒரு விரல் அகலம்."

பார்த்தேன். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆள்காட்டி விரல் ஜிப்பாப் பையில் புட்டியின் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சிலிகான்னா அங்கங்க வரும். தண்ணின்னா எல்லா இடத்திலயும் வரும். இது லாரி இடிச்ச இடம்," என்றாள். தன் வலது கையை நீட்டிப் பார்த்தாள். "அந்த இடம் வரும்போது என் கை நடுங்குது. எனக்குத் தெரியல, ஆனா நடுங்குது. கதவு இல்ல பிரச்சினை. நான்தான்."

"அப்படியெல்லாம் இல்லம்மா," என்றேன். புட்டியைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினேன்.

"இன்னும் ஒரு தடவைக்கு பிரைமர் இருக்கு. வேணாம். போதும். வித்துடலாம் அத்தா. இந்தக் கையை நம்பி நான் ரோட்டுக்கு வரக் கூடாது."

ஆகுர்டியிலிருந்து ரயிலில் திரும்பி வந்தோம். அவள் ஜன்னல் ஓரத்தில். நான் எதிரில். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் நான் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிறும் அந்தத் தகட்டைத் தடவி நான் கேட்டது என்ன? என் பிள்ளைக்கு ரோட்டில் ஒன்றும் ஆகக் கூடாது. இதோ, இனி ஓட்டவே மாட்டேன் என்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டதோ? நான் வாயைத் திறந்தால் கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பதாகுமோ? இப்படி நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு வாங்கித் தரக்கூடிய பாதுகாப்பு என்று ஒன்று என் கையில் இருந்தது. பெற்றவன் எவனும் அதைச் சுலபமாகக் கீழே வைக்கமாட்டான்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. பழைய கார் வாங்குகிற ஒருவருக்கு நானே பேசினேன், வந்து பார்க்கச் சொன்னேன்.

புதன்கிழமை அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் சமையலறை மேடை அருகே முதுகைக் காட்டி நின்றாள். ஒரு தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வலது கையில் ஏந்தி, கையை முழுக்க நீட்டிப் பிடித்திருந்தாள். தண்ணீர் அசைகிறதா என்று பார்க்கிறாள். கொஞ்ச நேரத்தில் யார் கையும் அசையத்தான் செய்யும். ஒரு சொட்டு வழிந்தது. அவள் தம்ளரை மேடையில் வைத்தாள். கையை இடது கையால் பிடித்து அமுக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி தம்ளரை நிரப்பினாள்.

அவள் அம்மா அறை வாசலில் இருந்து என்னிடம் சத்தமில்லாமல் விரலைக் காட்டினாள்: மூன்று நாளாக.

"உன் கை நடுங்கலம்மா," என்றேன்.

அவள் திரும்பினாள்.

"அது எண்ணெய். நான்தான் வச்சேன். தர்கா எண்ணெய். மூணு ஞாயிறும்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புட்டியை எடுத்து மேடைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"நான் துடைக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம். முதல் தடவை நீ பிரைமர் கலக்குறப்ப. மத்த ரெண்டு தடவை நீ டீக்குப் போனப்ப."

"எந்த விரல்?"

காட்டினேன்.

"துடைச்சீங்களா?"

"கைக்குட்டையால ஒத்தி எடுத்தேன்."

"ஒத்தி எடுத்தீங்க." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "யா அல்லாஹ். ரெண்டு கிலோ உப்புத்தாள் தேய்ச்சிருக்கேன் அத்தா. என் நகத்தைப் பாருங்க. நான் கம்ப்ரஸரைச் சந்தேகப்பட்டேன், மாமாவைச் சந்தேகப்பட்டேன், உங்க கடையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில என்னையே…" பிறகு வேறு குரலில் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

இதைத்தான் நான் பயந்தேன்.

"தெரியும்."

"மூணு நாள்."

"நீ ஓட்டாம இருந்தா நல்லதுன்னு இருந்துட்டேன்மா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று என்னோடு பேசவில்லை. மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கார் பாக்க வர்ற ஆளை வேணாம்னு சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை நீங்களும் வரணும். புட்டியை எடுத்துட்டு வாங்க."

நான்காவது ஞாயிறு அவள் நேராகக் கதவிடம் போகவில்லை. மச்சினரின் குப்பையிலிருந்து ஒரு துண்டுத் தகட்டை எடுத்துத் தேய்த்தாள், துடைத்தாள். நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "இந்தப் பக்கம் வைங்க. அன்னைக்கு எப்படி வச்சீங்களோ அப்படியே. ஓதியே வைங்க, பரவாயில்ல. அந்தப் பக்கம் தொடாதீங்க."

வைத்தேன். ஓதும்போது நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. கைக்குட்டையால் ஒற்றினேன். மச்சினர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "இது என்ன மச்சான், பரீட்சையா?"

"அத்தாவுக்கு," என்றாள் மகள்.

பிரைமரைக் கலந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் டீக்குப் போகவில்லை. பிறகு அவள் முகமூடி போட்டு, எங்களை வெளியே அனுப்பிவிட்டு, துண்டுத் தகட்டின் மேல் ஒரே வீச்சாக அடித்தாள். வாசலில் நின்று பார்த்தோம். கோட்டின் ஒரு பக்கம் சாம்பல் நிறம் அப்படியே படிந்தது. மறு பக்கத்தில், என் விரல் போன பாதையில், ஒரு குழி திறந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக.

அவள் குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தாள். முகமூடிக்குள்ளிருந்து குரல் அடைத்துக் கேட்டது. "என் கை இல்ல." சற்றுப் பொறுத்து, "மாமா, பாத்தீங்களா, என் கை இல்ல!"

"உன் கைக்கென்னடி குறை," என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தின்னர் நெடி என்று பிறகு சொன்னார்.

கதவைத் துடைக்கும் வேலையை அன்று எனக்குக் கொடுத்தாள். ஊறியிருக்கும் எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் உப்புத்தாள், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கப் பரவும் என்றாள். நனைந்த துணி ஒன்று, உலர்ந்தது ஒன்று. மடங்கிய கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நானே துடைத்தேன். துணியை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். இன்னொரு முறை என்றாள், துடைத்தேன். அவள் தேய்த்து முடித்ததும் மறுபடி துடைத்தேன். ஓதவில்லை. கையில் ரப்பர் உறை. அந்த இடம் அப்படி வெறுமையாக இருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அது உண்மை.

பிரைமர் ஒரு குழி இல்லாமல் வந்தது.

மேல் பெயிண்ட் முடிந்து, காரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து கதவை மாட்ட இன்னும் இரண்டு வாரம் ஆனது. கிளம்புகிற அன்று நான் இடது இருக்கையில், அந்தக் கதவின் பக்கம், உட்கார்ந்தேன். அவள் சாவியைப் போட்டுவிட்டுத் திருகாமல் என் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"புட்டி இருக்கா?"

"இருக்கும்மா. ஏன்?"

"தலையில வைங்க. எண்ணெய் தலைக்குத்தான். கதவுக்கு இல்ல." பிறகு சேர்த்துக்கொண்டாள்: "நம்பிக்கைன்னு இல்ல. உங்களுக்காக."

உச்சியில் ஒரு விரல் தொட்டு வைத்தேன். ஓதி ஊதினேன். மச்சினர் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்று, "மச்சான், காலைத் தரையில அழுத்தாதீங்க, அங்க பிரேக் கிடையாது," என்றார். நெடுஞ்சாலையில் ஒரு தண்ணீர் லாரி எங்களைத் தாண்டிப் போனபோது நான் அழுத்தத்தான் செய்தேன். அவள் பார்த்தாள். கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.

இப்போது அவள் தனியாகத்தான் ஓட்டிப் போகிறாள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு அழைக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். காலை ஒன்பதரைக்குக் கடையில் தொலைபேசி அடிக்கும். "அத்தா, வண்டி…" என்றுதான் ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கிறாள். அந்த இரண்டு சொல்லை மாற்றிக்கொள் என்று பல முறை சொல்ல நினைத்து, சொல்லாமல் இருக்கிறேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத்தையும் கேட்கிறேன்.

"…பார்க் பண்ணிட்டேன்."